பட்டுத் தோள்துண்டு: படோலா, அஜ்ரக், மூகா

மரபின் பெயரைச் சொல்லி ஆண்களுக்கு விற்கப்படும் விலையுயர்ந்த பட்டு ஸ்கார்ஃபுகளில் பல, பழைய கோலம் ஒன்றைக் கணினியில் வரைந்து ஆலைத்துணியில் அச்சடித்தவையே. அவற்றை ஒதுக்கிவிட்டு, மரபு துணியின் செய்முறையிலேயே தங்கியிருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், குஜராத்தின் பாட்டன் நகரத்துப் படோலா, அதே மாநிலத்தின் கச்சு மாவட்டத்து அஜ்ரக், அசாமின் மூகா ஆகிய மூன்றும் ஒப்பிடத் தக்கவை.

படோலாவில் பாவு (நெடுக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்) ஆகிய இரண்டையும் நெய்வதற்கு முன்பே கணக்குப் பார்த்துக் கட்டிச் சாயமேற்றி, தறியில் நிறத்தோடு நிறம் பொருந்தும்படி இழை இழையாகச் சரிசெய்து நெய்கிறார்கள். இரு நூலுக்கும் இப்படிச் சாயம் கட்டி நெய்வதுதான் இரட்டை இக்கத். ஒரு சேலைக்குப் பல மாதங்கள் பிடிக்கும் இந்த வேலையைப் பாட்டனில் சால்வி குடும்பத்தினர் சிலரே இன்றும் செய்கின்றனர். சாயம் நூலிலேயே ஏறியிருப்பதால் துணிக்கு உட்புறம், வெளிப்புறம் என்ற வேறுபாடு இல்லை. கழுத்தில் புரளும் துணிக்கு இது பெரிய நன்மை. துணி கிழிந்தாலும் கோலம் மங்காது என்று குஜராத்தியில் ஒரு சொலவடையே உண்டு. ஆனால் ராஜ்கோட்டில் பெரும்பாலும் ஊடைக்கு மட்டும் சாயம் கட்டி நெய்யும் ஒற்றை இக்கத்தும் அதே பெயரில்தான் கடைக்கு வருகிறது. கோலம் உள்ள இடத்தில் பாவு நூலைக் கூர்ந்து பாருங்கள். அது நிறம் மாறாமல் ஓடினால், இரட்டை இக்கத்தின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. எனக்குள்ள குறை வேறு: யானையும் கிளியும் பெண்ணுருவும் வரிசை கட்டும் அந்தக் கோலங்கள் விரித்துப் பார்ப்பதற்கானவை, மடித்துக் கழுத்தில் சுற்றினால் பாதி மடிப்புக்குள் மறைந்துவிடும்.

அஜ்ரக் தொடக்கத்திலிருந்தே ஆண்களின் துணி. கச்சிலும் சிந்துவிலும் கால்நடை மேய்ப்போர் அதைத் தோளிலும் தலையிலும் இடுப்பிலும் அணிந்தனர். கடுக்காய் நீரில் தோய்த்த துணியில், சுண்ணாம்பும் பிசினும் கலந்த கலவையை மரஅச்சால் பதித்து, வெல்லத்தோடு ஊறிய இரும்பிலிருந்து கருமையும், அவுரியிலிருந்து நீலமும் ஏற்றி, இடையிடையே பலமுறை அலசுகிறார்கள். 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்த அச்சு வேலையைச் செய்யும் கத்ரி சமூகக் கைவினைஞர்களில் பலர் புஜ் நகருக்கு அருகே அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரை அமைத்துக் குடியேறினர். மரபான அஜ்ரக் பருத்தியில்தான் இருந்தது என்பதையும், பட்டு பின்னால் வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருந்தும், சிறிய நட்சத்திர வடிவங்கள் இடைவிடாமல் தொடர்வதால் எப்படி மடித்தாலும் கோலம் குலைவதில்லை. மெல்லிய பட்டில் முடிச்சும் இறுக்கமின்றி விழுகிறது. வெள்ளைச் சட்டைக்கு மேல் அணியுமுன் ஒருமுறை அலசிவிடுவது நல்லது. புதிய அவுரி நீலம் காலரில் ஒட்டக்கூடும். இங்கே ஒரு கண்ணியும் இருக்கிறது: ‘மோடல் சில்க்’ என்று விற்கப்படும் அஜ்ரக்கில் மோடல் என்பது மரக்கூழிலிருந்து எடுக்கும் இழையே தவிர பட்டு அன்று. மத்தியப் பட்டு வாரியம் முன்னின்று கொண்டுவந்த தூய பட்டுக்கான சில்க் மார்க் முத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

மூகாவுக்குச் சாயமே தேவையில்லை. அதன் பொன்னிறம் இயற்கையானது, துவைக்கத் துவைக்கப் பளபளப்பும் கூடும் என்பார்கள். 2007இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பட்டு, கோலம் வேண்டாம், நிறம் மட்டும் போதும் என்பவருக்கும், அடர்நிறக் கோட்டு அணிபவருக்கும் பொருந்தும்.

அடிக்கடி அணிவதற்கென்றால் நான் பட்டு அஜ்ரக்கையே எடுப்பேன். படோலாவை வாங்குபவர் அதைக் கழுத்தில் சுற்றாமல், அங்கவஸ்திரம் போல ஒரு தோளில் விரித்துப் போட்டுக்கொள்ளட்டும். அப்போதுதான் கொடுத்த விலைக்குரிய வேலைப்பாடு வெளியே தெரியும்.