மூன்று வருடம், 20 செல்கள், தீராத தண்ணீர்ப் பிரச்சினை

"ஹைட்ரஜன் ஃபியூயல் செல் வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டபோது, என்னுடையதில், உள்ளே தேங்கும் தண்ணீரை வெளியே தள்ளும் பர்ஜ் வால்வை மாற்றி அப்போதுதான் எழுந்திருந்தேன். எரிச்சல் இன்னும் தணியவில்லை. அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் கருவி இது; கூடவே தண்ணீரும் உண்டாகும். என்னிடம் இருப்பது 100 வாட், 20 செல், காற்றுப் பக்கம் திறந்திருக்கும் வகை. மின்சாரத்தில் ஒரு குறையும் இல்லை. விசிறியின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமும் இல்லை.

பிரச்சினை தண்ணீர்தான். ஹைட்ரஜன் பக்கத்தையும் காற்றுப் பக்கத்தையும் பிரிக்கும் சவ்வு ஈரமாக இருந்தால்தான் ஹைட்ரஜனின் புரோட்டான் அதைக் கடக்கும். காய்ந்தால் மின்தடை ஏறிவிடும். சரி, ஈரம் நிறைய இருக்கட்டும் என்றும் விட முடியாது. 8 ஆம்பியரில் ஓடும்போது இந்த ஸ்டாக் (20 செல்லும் சேர்ந்த அடுக்கு) மணிக்குச் சுமார் 54 கிராம் தண்ணீரை உண்டாக்குகிறது. அது காற்று உள்ளே போகும் கார்பன் தாளின் நுண்துளைகளை அடைத்தால் ஆக்சிஜன் உள்ளே போகாது. கொஞ்சம் சவ்வு வழியாக ஹைட்ரஜன் பக்கமும் கசியும். அந்தப் பக்கத்தின் முனை மூடியிருப்பதால், அவ்வப்போது திறந்து வெளியே தள்ளத்தான் பர்ஜ் வால்வு.

என் கோபமெல்லாம் அந்த விசிறி மேல். ஆக்சிஜன் கொடுப்பதும் அதுதான், சூட்டைத் தணிப்பதும் அதுதான், சவ்வைக் காயவைப்பதும் அதேதான். சூடு ஏறினால் வேகமாகச் சுற்றும். சவ்வு இன்னும் காயும். ஒன்றைத் தொடாமல் இன்னொன்றை மாற்ற வழியே இல்லை.

முதல் வருடம் வோல்டேஜ் இறங்கியதும் தண்ணீர் தேங்கிவிட்டது என்று நினைத்து, அடிக்கடி பர்ஜ் செய்தேன். மேலும் இறங்கியது. உண்மையில் சவ்வு காய்ந்துபோயிருந்தது. தேங்கினால் ஒன்றிரண்டு செல் மட்டும் தள்ளாடும், பர்ஜ் செய்ததும் எழுந்துவிடும். காய்ந்தால் எல்லாம் சேர்ந்து மெல்ல மெல்ல இறங்கும், பர்ஜ் உதவாது. இந்த வித்தியாசத்தைக் கையேடு சொல்லவே இல்லை. "ஈரப்பதத்தைப் பராமரிக்கவும்" என்று ஒரே வரி. பணம் கொடுத்து வாங்கியவனுக்கு இது போதாது.

இந்த முறை வால்வு திறக்காமல் சிக்கிக்கொண்டது. முதலில் அடிவாங்கியது கடைசி செல். ஓரத் தகட்டை ஒட்டி இருப்பதால் அது மற்றவற்றைவிடக் குளிர்ந்திருக்கும், நீராவி அங்கேதான் முதலில் தண்ணீராகும். 0.65 வோல்ட் இருக்க வேண்டியது 0.3-க்கு வந்துவிட்டது. ஹைட்ரஜன் கிடைக்காமல் அப்படியே ஓடவிட்டால் செல்லின் வோல்டேஜ் தலைகீழாகி, மின்முனையின் கார்பனே அரித்துப்போகும். அப்புறம் சரிசெய்யவே முடியாது. புது வால்வு திறந்த நொடியில், கண்ணாடிபோன்ற குழாயில் ஒரு துளி நீண்டு, தயங்கி, வழுக்கி ஓடியது. மீட்டரில் 0.64. மூன்று வருடத்தில் எனக்கு இதைவிடச் சந்தோஷமான காட்சி இல்லை.

இருந்தாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். மாதக்கணக்கில் சும்மா வைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ள நினைக்கிறார். அதற்குள் சவ்வு காய்ந்துவிடும்.

இங்கே ஒவ்வொரு செல்லுக்கும் தனி வோல்டேஜ் ஒயர் இழுத்துக்கொண்டிருக்கிறேன். 13 முடிந்தது, இன்னும் 7.