மலையகத்துல நம்ம பாஷையும் விசுவாசமும் புரிஞ்ச மனநலக் கவுன்சிலர்: யார்கிட்ட போறது, எத விட்டுக்கொடுக்குறது

2022 ஜூலையில என் வயித்துல இருந்த புள்ள ஏழாம் மாசத்துல தவறிப்போச்சு. இலங்கைல பெற்றோல் இல்லாத நேரம், டவுன்ல இருந்து எங்க தேயிலைத் தோட்டம் வரைக்கும் ஆட்டோ எல்லாம் டேங்க் காஞ்சி நிக்குது, ஒரு வண்டிய தேடிப் பிடிச்சி ஆஸ்பத்திரிக்கு போய் சேர மூணு மணித்தியாலத்துக்கு மேல ஆச்சு. நான் வேல செய்யுறது தோட்டத்து புள்ளக்காம்பரால, அதாவது வேலைக்கு போறவங்க புள்ளைங்கள பாத்துக்குற எடத்துல. ரெண்டு மாசம் கழிச்சி திரும்ப வேலைக்கு போனப்போ மத்தவங்க புள்ளைங்கள தொட்டில்ல போட்டு ஆட்டணும், கை மட்டும் ஆடும், மனசு எங்கயோ கெடக்கும்.

அதுக்கு அப்புறம் ஒன்றரை வருஷம் நான் ஏறி எறங்குன எடம் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சி எழுதுறேன். ஏன்னா போன மாசம் ஒரு தங்கச்சி "அக்கா, நம்ம ஆளா, வேதக்காரங்களா, தமிழ்ல பேசுற கவுன்சிலரா யாராச்சும் இருக்காங்களா"ன்னு கேட்டா, நின்ன எடத்துல ஒரு வார்த்தைல பதில் சொல்ல முடியல.

நம்ம தேடுறது மூணு விஷயம். மலையகத்து ஆளா இருக்கணும், கிறிஸ்தவரா இருக்கணும், இதுக்குன்னு முறையா படிச்சவரா இருக்கணும். இந்த மூணும் ஒரே ஆள்கிட்ட, நம்ம கைக்கு எட்டுற தூரத்துல, நம்ம குடுக்கக்கூடிய காசுக்கு எனக்கு கெடைக்கல. அதனால எத முதல்ல விட்டுக்கொடுக்கலாம்ங்குறதுதான் உண்மையான கேள்வி, நான் அத தெரிஞ்சிக்க ஒன்றரை வருஷம் ஆச்சு.

முதல்ல சபையும் கோயிலும். நான் பொறந்தது கத்தோலிக்க வீட்டுல, எங்க வீட்டுக்காரர் பெந்தெகொஸ்தே சபை, அதனால எனக்கு பாஸ்டரும் இருக்காரு ஃபாதரும் இருக்காரு. பாஸ்டர் ரெண்டாம் நாளே மழையோட நடந்து வந்தாரு, எங்க வரிசை வீட்டு லயக்காம்பராவுல பாயில ஒக்காந்து எங்களோட சேர்ந்து அழுதாரு. அந்த மாதிரி எந்த டொக்டரும் வரமாட்டாங்க, அத நான் சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா மூணாவது கெழம உபவாச ஜெபத்துல, "ஒரு சகோதரி புள்ளய எழந்து ரொம்ப பெலவீனமா இருக்காங்க, தூக்கம் இல்ல, சாகணும்ங்குற எண்ணம் வருது, அவங்களுக்காக ஜெபிப்போம்"னு சொல்லிட்டாரு. பேர் சொல்லல. பேர் எதுக்கு, ரெண்டு டிவிஷன்லயும் அந்த மாசம் புள்ளய எழந்தது நான் ஒருத்திதான். அடுத்த நாள் காலைல பீலிக்கு தண்ணி எடுக்க போனா பேச்சு நின்னு போகுது, ஒரு அக்கா என் கொடத்த வாங்கி அவங்களே புடிச்சி குடுக்குறாங்க, என்னால தூக்க முடியாதுங்குற மாதிரி.

பாஸ்டர் கெட்ட மனசுல செய்யல. அவரப் பொறுத்தவரைக்கும் ஜெபத்துக்கு சொல்றதுதான் அன்பு. ஆனா நான் அவர்கிட்ட தனியா சொன்னது. இத தெளிவா வச்சிக்கோங்க: உங்க பாஸ்டர்கிட்ட பேசப் போறதுக்கு முன்ன "இத ஜெப விண்ணப்பமா கூட வெளில சொல்லாதீங்க, உங்க வீட்டம்மாகிட்டயும் வேணாம்"னு வாயத் தொறந்து கேளுங்க. கேட்டா பெரும்பாலும் மதிப்பாங்க, கேக்காம விட்டா அவங்களுக்கு அது ரகசியம்னே தோணாது.

ஃபாதர்கிட்ட ஒரு வசதி இருக்கு. பாவசங்கீர்த்தனத்துல சொன்னத அவர் யார்கிட்டயும் எந்தக் காரணத்துக்கும் சொல்லக்கூடாது, திருச்சபை சட்டமே அதுதான். ஆனா பின்னால லைன்ல ஆள் நிக்க பத்து நிமிஷத்துல முடியுற ஒண்ணு அது, கவுன்சிலிங் ஆகாது. வெளில ஒக்காந்து பேசுறதுக்கு அதே முத்திரை இருக்குன்னு நெனச்சிக்கவும் கூடாது, அதயும் கேட்டுத்தான் வச்சிக்கணும்.

இருந்தாலும் ஒரு கேள்விக்கு ஃபாதர் மட்டும்தான் எனக்கு பதில் சொல்ல முடிஞ்சிச்சு. எங்க அப்பாயி ஒரு நாள் அடுப்புக்கு பக்கத்துல இருந்துகிட்டு, "ஞானஸ்நானம் இல்லாம போன புள்ள எங்க போயிருக்கும்மா"ன்னு கேட்டாங்க. கெழவி அழுதுகிட்டேதான் கேட்டாங்க, என்ன குத்துறதுக்கு கேக்கல. ஆனா அது முள்ளு மாதிரி உள்ளயே நின்னிச்சு. ஃபாதர் சொன்னாரு, லிம்போன்னு (ஞானஸ்நானம் இல்லாம போற புள்ளைங்க மோட்சத்துக்கும் நரகத்துக்கும் வெளில இருக்குற எடம்னு) பழைய காலத்துல பேசுனது திருச்சபை கட்டாயமா நம்பச் சொன்ன போதனையா எப்பவும் இருந்தது இல்ல, 1992ல வந்த மறைக்கல்வி நூலே அந்தப் புள்ளைங்கள கடவுளோட இரக்கத்துல ஒப்படைக்கச் சொல்லுது, 2007ல வத்திக்கானோட இறையியல் குழுவும் அவங்க மீட்படைவாங்கன்னு நம்ப நல்ல காரணம் இருக்குன்னு எழுதியிருக்குன்னு. அதோட 88ஆவது திருப்பாடல வாசிக்கச் சொன்னாரு (வீட்டுக்காரர் பைபிள்ல சங்கீதம்னு இருக்கும்). அது இருட்டுலயே முடியுது, கடைசில ஆறுதல் வார்த்தை ஒண்ணும் இல்ல. பைபிளுக்குள்ளயே அப்படி ஒரு ஜெபம் இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான் எனக்கு திரும்ப ஜெபம் பண்ண வந்துச்சு.

அடுத்து அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக். நுவரெலியா, டிக்கோயா, கண்டி, பேராதெனியன்னு நமக்கு எட்டுற பெரிய ஆஸ்பத்திரிகள்ல காசு இல்லாம காட்டலாம், படிச்ச டொக்டர் இருக்காங்க, மருந்தும் அங்கயே. சிக்கல் பாஷைதான். நான் போன எடத்துல (எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல விரும்பல) டொக்டருக்கு தமிழ் வரல, பக்கத்துல நின்ன அட்டெண்டன்ட்தான் சிங்களத்துல சொன்னாரு. நான் "நெஞ்சு அடைக்குது, மனசு பாரமா இருக்கு"ன்னு சொன்னேன், அவர் நெஞ்சு வலின்னு சொல்லிட்டாரு போல, என்ன ஈசிஜி எடுக்க அனுப்பிட்டாங்க. ஈசிஜி நல்லா இருக்குன்னு துண்டு குடுத்து வீட்டுக்கு போகச் சொன்னாங்க. அடுத்த தடவ சிங்களம் நல்லா பேசுற வீட்டுக்காரரோட சித்தப்பா மகன கூட்டிட்டு போனேன், பாஷை சரியாச்சு, ஆனா புருஷன் மேல இருந்த கோவத்த புருஷனோட தம்பி வழியா எப்படி சொல்றது.

அப்படி இருந்தும் ஆஸ்பத்திரிய விடாதீங்கன்னுதான் சொல்வேன். அங்க குடுத்த மருந்துதான் எனக்கு தூக்கத்த திருப்பிக் குடுத்துச்சு. முதல் ரெண்டு மூணு கெழம ஒண்ணுமே தெரியாது, அப்புறம்தான் வேல செய்யும், இடையில நம்மளா நிப்பாட்டக்கூடாது, டொக்டர் சொல்லி கொஞ்சங் கொஞ்சமா கொறைக்கணும். "மருந்து குடிச்சா விசுவாசக் கொறவு"ன்னு சபைல ஒருத்தர் சொன்னாரு, அவரே சுகருக்கு ரெண்டு வேளையும் குளிசை போடுறவரு. இன்னொண்ணு, சாக ட்ரை பண்ணுனதா சொன்னா பொலிஸ் புடிக்கும்னு இன்னமும் பயந்து மறைக்குறாங்க. அந்தச் சட்டத்த 1998லயே எடுத்துட்டாங்க, டொக்டர்கிட்ட உள்ளத சொல்லலாம்.

கண்டியில ப்ரைவேட்டா ஒருத்தங்க. கிறிஸ்தவங்க, நல்லா படிச்சவங்க, பொறுமையானவங்க. ஆனா இங்கிலிஷும் சிங்களமும்தான். எனக்கு இங்கிலிஷ்ல ஃபோர்ம் நிரப்ப வரும், அழ வராது. அம்மா மூணு நாலு நாள் கொழுந்து எடுக்குற சம்பளம் ஒரு தடவைக்கு போயிடும், பஸ்ஸுக்கு ஒரு நாள் போயிடும். ரெண்டு தடவையோட நிப்பாட்டிட்டேன். டவுன்ல இங்கிலிஷ் மீடியம் படிச்சி வளர்ந்த புள்ளைங்களுக்கு இது சரியா வரலாம்.

இப்ப ஒன்லைன். யாழ்ப்பாணத்துல ஒரு அக்கா, கிறிஸ்தவங்க, முறையா பயிற்சி எடுத்தவங்க, தமிழ். யுத்தத்தால வடக்குல தமிழ்ல கவுன்சிலிங் பயிற்சி குடுக்குற வேல ரொம்ப வருஷமா நடந்துருக்கு, சாந்திகம் மாதிரி அமைப்புகள் அதுக்குன்னே இருக்கு, அதனால தமிழ்ல படிச்ச ஆள் தேடுனா நமக்கு முதல்ல கெடைக்குறது அந்தப் பக்கத்து ஆளா இருக்கும். கேக்குறதுக்கு எல்லாம் பொருந்துற மாதிரித்தான் இருந்துச்சு. நாலாவது தடவ பேசும்போது நான் சொன்னேன், புள்ளய பொதைச்ச அடுத்த கெழம அம்மா வேலைக்கு போய் கிலோ எடுக்க முடியாம அரைப்பேரோட வந்து வாசல்லயே ஒக்காந்துட்டாங்க, என்னாலதான் இதுன்னு எனக்கு தோணுச்சுன்னு. அந்த அக்கா ரொம்ப அன்பாத்தான் கேட்டாங்க: "அரைப்பேர் எண்டா என்ன தங்கச்சி, பேரைப் பாதியாக் கூப்பிட்டவையோ?"

கிலோ கொறஞ்சா அரை நாள் சம்பளம்தான் போடுவாங்க, அதுதான் அரைப்பேர்னு வெளங்கப்படுத்துனேன். அதுக்கு அப்புறம் பெரட்டுன்னா என்ன (காலைல ஆள் கூட்டி வேல பிரிக்குறது), மடுவம்னா என்ன (கொழுந்து நிறுக்குற கொட்டகை), ஒரே லயத்துல ஏன் மாமியாரும் அம்மாவும்னு அதயும் சொன்னேன். நேரம் முடிஞ்சிருச்சு, அழுகை வந்த எடத்துலயே நின்னு போச்சு. அந்த அக்கா மேல எந்தத் தப்பும் இல்ல, தெரிஞ்சிக்கணும்னு கேட்டாங்க. இன்னொரு விஷயமும் நேர்மையா சொல்லணும், அவங்க ஒரு நாளும் அப்படி பேசல, ஆனா எங்கள கேவலமா சொல்ற "தோட்டக்காட்டான்"ங்குற சொல்ல கேட்டு வளர்ந்தவ நான், லயத்துக் கதைய சொல்லும்போது எனக்குள்ளயே ஒரு கதவு பாதி சாத்திக்கும். நீங்க டவுன்ல டீச்சர் வீட்டுல வளர்ந்தவங்கன்னா இது வராது, அப்ப இதுதான் உங்களுக்கு இருக்குறதுலயே நல்ல வழி.

இந்தியாவ பத்தியும் கேக்குறாங்க. திருச்சி, மதுரை, சேலம் பக்கத்து பேச்சு நம்ம பேச்சுக்கு கிட்ட, பாஷை சிக்கல் கொறைவு. வேலூர் சிஎம்சி மிஷன் ஆஸ்பத்திரியோட மனநல சென்டர் பாகாயத்துல இருக்கு, தங்கி வைத்தியம் பார்த்தா வீட்டாள் ஒருத்தர் கூடவே தங்கணும். விசா, டிக்கெட், தங்குற செலவுன்னு பார்த்தா கடுமையான நோய்க்குத்தான் அது, கெழமைக்கு ஒரு தடவ பேசுறதுக்கு இல்ல.

போன் லைன்கள் வேற தேவைக்கு. 1926 தேசிய மனநல நிறுவனத்தோடது, ராத்திரி பகல் எப்பவும் எடுக்கலாம், தமிழ்ல பேசலாம். 1333ம் காசில்லாம தமிழ்ல கெடைக்கும். 1974ல இருந்து இருக்குற சுமித்ராயோங்குற தொண்டர் அமைப்புல புத்திமதி சொல்லாம, மதம் பேசாம கேட்டுகிட்டு இருப்பாங்க. ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு நான் 1926க்கு எடுத்தேன், அந்த ராத்திரிய தாண்ட அது போதுமா இருந்துச்சு. அடுத்த தடவ வேற ஆள் எடுப்பாங்க, கதைய முதல்ல இருந்து தொடங்கணும். ஆனா சாகணும்னு எண்ணம் வந்தா நம்ம ஆளா வேதக்காரரான்னு தேடிகிட்டு இருக்காதீங்க, அப்ப 1926க்கு எடுங்க, இல்லாட்டி நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க.

கடைசில நான் நின்ன எடம் பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தர், அதாவது அரசாங்கத்து கவுன்சிலர். காசு இல்ல. பதுளை பக்கத்துல லயத்துல பொறந்து படிச்சி வந்த அக்கா, இந்து. அரைப்பேர்னு நான் சொன்னதும் அவங்க "எத்தன கிலோ கொறஞ்சிச்சு"ன்னு மட்டும் கேட்டாங்க. அந்த ஒரு கேள்வில நான் ஒரு மணித்தியாலம் அழுதேன். விசுவாசத்த பத்தி வரும்போது தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல, "உங்க சபைல இதுக்கு என்ன சொல்வாங்க, அதுல நீங்க எத நம்புறீங்க"ன்னு ரெண்டயும் பிரிச்சி கேட்டாங்க. ஒரு கிறிஸ்தவ கவுன்சிலரா இருந்திருந்தா அந்தக் கேள்விய கேக்காமலே எனக்கு பதில் தெரியும்னு எடுத்துருப்பாங்களோன்னு இப்ப தோணுது. சபையாலயே காயப்பட்டவங்களுக்கு இந்த தூரம் ரொம்ப முக்கியம்.

அதனால நான் சொல்றது இதுதான். முறையா படிச்சதயும் பாஷையையும் விடாதீங்க. விசுவாசம் ஒரே ஆள்கிட்ட இருக்கணும்னு இல்ல, அந்தக் கேள்விய ஃபாதர்கிட்டயோ நம்பிக்கையான போதகர்கிட்டயோ தனியா கொண்டுபோலாம், பிலிமத்தலாவை இறையியல் கல்லூரி மாதிரி எடத்துல வருஷக்கணக்கா படிச்சி வந்தவங்க நெறைய பேர் தெளிவா பதில் சொல்வாங்க. மலையகத்து ஆள்தான் வேணும்னா வேற மலையா பாருங்க. நம்ம தோட்டத்து ஆள், நம்ம சபை ஆள்னா அவங்க மாமா நம்ம கங்காணியா இருப்பாரு, அவங்க நல்லவங்களா இருந்தாலும் நமக்கு வாய் வராது.

முதல் கோல்லயே சிலத கேட்டுருங்க. என்ன படிச்சீங்க, எங்க படிச்சீங்க. கவுன்சிலர்னு நம்ம நாட்டுல யாரும் போர்ட் போட்டுக்கலாம், க்ளினிக்கல் சைக்கோலஜிஸ்ட்னு சொன்னா மெடிக்கல் கவுன்சில் பதிவு இருக்கான்னு கேக்கலாம், கேட்டா கோச்சிக்குறவங்க வேணாம். நான் சொல்றத யாருக்கு சொல்வீங்க, எப்ப சொல்வீங்க. டொக்டர் குடுத்த மருந்த நிப்பாட்டச் சொல்வீங்களா. நான் ஜெபம் பண்றவ, அத பத்தி பேசுனா உங்களுக்கு சரியா.

இன்னும் ஒரு சிக்கல், எங்க இருந்து பேசுறது. பிரதேச செயலகத்து அக்காவ மாசத்துக்கு ஒரு தடவ நேர்ல பார்ப்பேன், மத்த கெழமைகள்ல போன்லதான். எங்க லயத்துல செவரு கூரை வரைக்கும் போகாது, அடுத்த காம்பராவுல இருமுனா இங்க கேக்கும். கொஞ்ச நாள் தேயிலைக்குள்ள போய் நின்னு பேசுனேன், மழை வந்தா அட்டையும் வரும் சிக்னலும் போயிடும். ஃபாதர்கிட்ட சொன்னேன், அவர் கோயில் பின்னால பூசைத்துணி வைக்குற ரூம் சாவிய குடுத்தாரு. இப்பவும் வியாழக்கெழம நாலு மணிக்கு அங்கதான், போன் சார்ஜ் போட்டு எடுத்துட்டு போய் கதவ சாத்திகிட்டு அந்த அக்காவுக்கு எடுப்பேன்.