இரு நாடு, இரு பட்டம்: கலைக்கும் சட்டத்துக்கும் மூன்று பாதைகள்

கலையும் சட்டமும் தொடர்பான படிப்பை இரண்டு நாடுகளில் படித்து இரண்டு பட்டங்கள் பெற விரும்புவோர் பெரும்பாலும் எடைபோட்டுப் பார்ப்பவை மூன்று பாதைகள். லண்டன் கிங்ஸ் கல்லூரியும் பாரிஸ் 1 பாந்தியோன்-சோர்போன் பல்கலைக்கழகமும் இணைந்து வழங்கும் ஆங்கிலேய, பிரெஞ்சுச் சட்டப் படிப்பு ஒன்று. பிரான்சின் அரசியலறிவியல் உயர்கல்வி நிறுவனமான சியான்ஸ் போவும் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகமும் வழங்கும் இரட்டை பி.ஏ. படித்துவிட்டு அதன்பின் சட்டத்துக்குச் செல்வது இன்னொன்று. ஏற்கெனவே கலைப் பட்டம் பெற்றவர்கள் கனடாவின் வின்ட்சர் பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழகத்திலும் ஒரே சமயத்தில் படிக்கும் இரட்டை ஜே.டி. (வட அமெரிக்கச் சட்டப் பட்டம்) மூன்றாவது. இவற்றைத் தரவரிசையைக் கொண்டு ஒப்பிடுவதால் பெரிய பயன் இல்லை. படித்து முடித்தவர் எந்த நாட்டு நீதிமன்றத்தில் வாதாட முடியும் என்ற கேள்வியை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

லண்டன்–பாரிஸ் படிப்பு நான்கு ஆண்டுகள்: முதல் இரண்டு லண்டனில், அடுத்த இரண்டு பாரிஸில். முடிவில் ஆங்கிலேய எல்.எல்.பி.யும் பிரெஞ்சுச் சட்டத்தில் முதுகலை முதலாண்டு நிலைப் பட்டமும் கிடைக்கும். மூன்றில் அறிவளவில் மிகக் கடினமானதும் மிகச் செழிப்பானதும் இதுதான் என்பது என் கருத்து. லண்டனில் படிக்கும் மாணவர் நீண்ட தீர்ப்புகளை வாசித்து, ஒவ்வொரு நீதிபதியும் தம் பெயரில் எழுதிய காரணங்களைப் பிரித்தறிந்து, ஒரு கற்பனை வழக்கின் உண்மைகளுக்கு முன்தீர்ப்புகளைப் பொருத்திப் பார்க்கப் பழகுகிறார். அதே மாணவர் பாரிஸுக்குச் சென்றதும், அந்நாட்டு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மிகச் சுருக்கமான தீர்ப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு உட்பகுதிகள் என்ற கட்டுக்குள் விளக்கவுரை எழுத வேண்டியிருக்கிறது. அந்நீதிமன்றம் ஒரே நீண்ட வாக்கியமாகத் தீர்ப்பெழுதும் மரபைக் கைவிட்டதே 2019இல்தான். பாடப்பொருளும் அப்படித்தான் முரண்படுகிறது. ஒப்பந்தம் செல்லுபடியாக மறுபயன், அதாவது வாக்குறுதிக்கு ஈடாக மறுதரப்பு தரும் ஒன்று, வேண்டும் என்கிறது ஆங்கிலேயச் சட்டம். 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்போ அதற்கு ஓரளவு இணையாக வைத்திருந்த காரணக் கோட்பாட்டை (ஒருவர் ஏன் கடமைப்படுகிறார் என்பதற்குக் காரணம் வேண்டும் என்பதை) 2016ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் நீக்கிவிட்டது. ஒரே உடன்படிக்கையை இரு சட்டங்களின் கண்ணாலும் பார்க்கும் பயிற்சி, பன்னாட்டு வணிக நடுவர் மன்றங்களில் பணியாற்ற நினைப்பவருக்கு உண்மையான மூலதனம். (பிரெஞ்சுச் சட்டம் தமிழருக்கு முற்றிலும் அந்நியமன்று. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் இந்துத் தனிச்சட்டத்தைத் துறந்த புதுச்சேரிக் குடும்பங்களின் வாரிசுரிமை வழக்குகளில் பழைய பிரெஞ்சு சிவில் சட்டம் இன்னும் பேசப்படுகிறது.)

எனினும் இந்தப் படிப்பு பதினேழு வயதிலேயே இரண்டு உறுதிகளைக் கேட்கிறது: சட்டமே தொழில் என்பது ஒன்று, பாரிஸ் வகுப்பறையில் விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் அளவுக்குப் பிரெஞ்சு வரும் என்பது மற்றொன்று. ஈராண்டு பகுதிநேர வகுப்பில் கற்ற பிரெஞ்சு இதற்குப் போதாது. இரண்டு பட்டங்கள் இருந்தாலே இரண்டு நாட்டிலும் வழக்கறிஞர் ஆகிவிடலாம் என்பதும் இல்லை. இங்கிலாந்தில் சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு நேரடியாகச் சட்ட ஆலோசனை தரும் வழக்கறிஞர்) ஆக 2021இல் அறிமுகமான தகுதித் தேர்வும் ஈராண்டுப் பணி அனுபவமும் தேவை. பிரான்சிலோ வழக்கறிஞர் தொழிலுக்கு முழு முதுகலைப் பட்டம் வேண்டும் என்று 2021இல் இயற்றப்பட்ட சட்டம் வாசலை உயர்த்திவிட்டதால், பாரிஸில் இன்னும் ஓராண்டு தங்க வேண்டியிருக்கும்.

சியான்ஸ் போ–கொலம்பியா பாதை இதற்கு நேர்மாறானது. ரெய்ம்ஸ், லெ ஆவ்ர், மாந்தோன் போன்ற நகரங்களில் உள்ள வளாகங்களுள் ஒன்றில் ஈராண்டும் நியூயார்க்கில் ஈராண்டும் படித்து இரண்டு பி.ஏ. பட்டங்கள் பெறலாம்; ஆங்கிலத்திலேயே பெரும்பகுதியைப் படிக்கவும் வழி உண்டு. ஆசியா பற்றிய படிப்பு லெ ஆவ்ரிலும் மத்தியக் கிழக்கு, மத்தியதரைக் கடல் நாடுகள் பற்றியது மாந்தோனிலும் நடப்பதால், வளாகத்தைத் தேர்வது ஏறத்தாழப் பாடத்தைத் தேர்வதே ஆகும். இந்த நான்கு ஆண்டுகளில் சட்டப் பட்டம் எதுவும் கிடைக்காது. அதன்பின் அமெரிக்காவில் மூன்றாண்டு ஜே.டி. படிக்கலாம், பிரெஞ்சு நன்றாக வந்தால் சியான்ஸ் போ சட்டப் பள்ளியில் ஈராண்டு முதுகலைக்கு முயலலாம். 2007ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு அந்த நிறுவனத்தின் பட்டதாரிகளும் பிரெஞ்சு வழக்கறிஞர் பள்ளி நுழைவுத் தேர்வை எழுத முடிகிறது. சட்டப் புலங்களின் பேராசிரியர்கள் பலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். மொத்தம் ஆறோ ஏழோ ஆண்டுகள் ஆகும், செலவும் மூன்று பாதைகளில் இதற்கே அதிகம். ஆனால் அரசியல், வரலாறு, பொருளாதாரம் ஆகியவற்றில் எது தன்னைப் பிடித்திழுக்கும் என்று இன்னும் அறியாத மாணவருக்கு இந்தக் கால அவகாசமே பெரிய லாபம்.

வின்ட்சர்–டெட்ராய்ட் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டெட்ராய்ட் ஆற்றின் தென்கரையில் கனடாவும் வடகரையில் அமெரிக்காவும் இருக்க, மாணவர்கள் எல்லையைக் கடந்து இரு வளாகங்களிலும் படித்து, மூன்றாண்டுகளில் இரு நாட்டு ஜே.டி. பட்டங்களையும் பெறுகிறார்கள். இரண்டும் முன்தீர்ப்புகளை அடிப்படையாகக் கொண்ட ஒரே ஆங்கிலேய வழிப் பொதுச் சட்ட மரபைச் சேர்ந்தவை என்பதால் அறிவளவில் அதிர்ச்சி குறைவு, தொழிலுக்கான பயன் நேரடி. ஒன்டாரியோவிலோ மிச்சிகனிலோ வாழப்போவது உறுதியானவருக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். இரண்டு சட்ட மரபுகளைக் கற்பதுதான் நோக்கம் என்றால், மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகம் எல்லை எதையும் தாண்டாமலேயே பிரெஞ்சு வழிச் சிவில் சட்டத்தையும் பொதுச் சட்டத்தையும் ஒரே படிப்பில் கற்பித்து இரு பட்டங்கள் தருகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஊருக்குத் திரும்பிச் சென்னையிலோ மதுரையிலோ வழக்காட நினைக்கும் இந்தியக் குடிமக்களுக்கு இந்த ஒப்பீடு தலைகீழாக மாறிவிடுகிறது. வெளிநாட்டுச் சட்டப் பட்டம் பார் கவுன்சில் அங்கீகரித்த பல்கலைக்கழகத்தினுடையதாக இருக்க வேண்டும். பட்டதாரியான பின் படித்ததானால் மூன்றாண்டும், +2 முடித்த கையோடு படித்ததானால் ஐந்தாண்டும் குறையாமல் படித்திருக்க வேண்டும் என்கின்றன 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள். இதற்குமேல் தகுதித் தேர்வும் உண்டு. அந்த அளவுகோலில் லண்டன்–பாரிஸின் நான்கு ஆண்டுகள் ஓராண்டு குறைகின்றன, கொலம்பியா பி.ஏ.வுக்குப் பின் வரும் ஜே.டி.யும் வின்ட்சர்–டெட்ராய்ட் ஜே.டி.யும் கால அளவில் தேறிவிடுகின்றன. குறைவை ஈடுசெய்யும் இணைப்புப் படிப்பு இருக்கிறது என்றாலும் அது கூடுதல் ஆண்டுகளைக் கேட்கும். ஆகவே, முன்பணம் கட்டுவதற்கு முன்பே குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் பெயரையும் படிப்பின் கால அளவையும் எழுதி, பார் கவுன்சிலிடம் எழுத்துமூலம் விளக்கம் பெறுவது நல்லது.