கட்டுமான வழக்கறிஞர் சங்கம்: ஆறு வருடச் சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது?

"சங்கத்துல சேர்ந்தா கேஸ் வருமா சார்?" டெல்லிக்குப் புதிதாக வந்த தமிழ் வக்கீல்கள் கட்டுமானச் சட்டச் சங்கத்தைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வராது. பார் கவுன்சிலின் 36ஆம் விதி நம்மை விளம்பரம் செய்யவே விடுவதில்லை. உறுப்பினர் பட்டியலைப் பார்த்து எந்தக் கான்ட்ராக்டரும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதாகத் தெரியவில்லை. ஆறு வருடச் சந்தாவில் பணத்துக்கு ஈடாகக் கிடைத்தது, கூட்டங்களில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரும் பிளானிங் இன்ஜினியர். (பெயர் வேண்டாம், சங்கத்துக்கும் சரி, இன்ஜினியருக்கும் சரி.)

காரணம் எளிது. காலதாமதம், நஷ்டஈடு பற்றிய ஒப்பந்தச் சட்டத்தின் 55, 73, 74 பிரிவுகள் நமக்குத் தலைகீழ்ப் பாடம். வேலைகளின் கால அட்டவணையான பார் சார்ட்டைக் கையில் கொடுத்தால் முழிப்போம். "வரைபடம் 40 நாள் தாமதம், ஆகவே 40 நாள் நீட்டிப்பு" என்று மனுவில் எழுதிவிடுவோம். அந்த வேலைக்கு ஃப்ளோட், அதாவது முடிவுத் தேதியைத் தொடாமல் தள்ளிப்போகக் கூடிய நாள்கள், எவ்வளவு என்று இன்ஜினியர் கேட்பார். 25 நாள் ஃப்ளோட் இருந்தால் முடிவுத் தேதி நகர்ந்தது 15 நாள்தான். அந்த 15இல் 10 நாள் ஷட்டரிங் ஆள் இல்லாமல் கான்ட்ராக்டர் தரப்பிலும் அதே முடிவுத் தேதி தள்ளிப்போயிருந்தால், இங்கிலாந்துக் கட்டுமானச் சட்டச் சங்கத்தின் தாமத புரோட்டோகால் சொல்வது: கால நீட்டிப்பு 15 நாளுக்கும் உண்டு, கூடுதல் செலவுக்கான பணம் பொதுவாக மிச்சமுள்ள 5 நாளுக்கு மட்டும். 2002இல் வந்து 2017இல் திருத்தப்பட்ட ஆவணம் அது. இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு நிபுணரை மடக்க அதைவிட வசதியான கருவி கிடையாது.

அடுத்துப் பயன்பட்டது, தாமதத்தால் இழந்த தலைமை அலுவலகச் செலவையும் லாபத்தையும் கணிக்கும் ஹட்சன் கணக்குப் பற்றிய அமர்வு. 36 கோடி ஒப்பந்தம், 24 மாதம், தலைமை அலுவலகச் செலவும் லாபமும் சேர்த்து 10 சதவீதம், தாமதம் 6 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 1.5 கோடி, அதில் பத்து சதவீதம் 15 லட்சம், ஆறு மாதத்துக்கு 90 லட்சம். மெக்டர்மட் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இந்த வகைச் சூத்திரங்களை ஏற்றதால், பலர் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறார்கள். தப்பு நடக்கும் இடம் இதுதான்: லாபம் சூத்திரத்துக்குள்ளேயே இருக்க, கீழே 'லாப இழப்பு' என்று தனித் தலைப்பிலும் கேட்பது. 2023இல் பாட்லிபாய் வழக்கில் ஒரே இழப்புக்கு இருமுறை ஈடு கேட்பதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நீட்டிப்புக் காலத்தில் செய்த கூடுதல் வேலைக்கு வாங்கிய ஆர்.ஏ. பில்லிலும் (வேலை நடக்க நடக்கப் போடும் பில்) ஓவர்ஹெட், அதாவது தலைமை அலுவலகச் செலவு, கொஞ்சம் வந்திருக்கும். அதையும் கழிக்க வேண்டும். அந்தக் காலத்தில் வேறு வேலை எடுத்திருக்க முடியும் என்பதற்குக் கைவிட்ட டெண்டர் ஏதாவது காட்டினால்தான் எண் நிற்கும்.

குறை இல்லாமலில்லை. வருடாந்தர மாநாடு முழுக்க ஃபிடிக் என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தத்தின் மயம். 28 நாள் நோட்டீஸ் விதியை எத்தனை முறைதான் கேட்பது? டெல்லியில் நம் மேசைக்கு வருவது பெரும்பாலும் சி.பி.டபிள்யூ.டி. (மத்தியப் பொதுப்பணித் துறை), ரயில்வே கோப்பு. சி.பி.டபிள்யூ.டி.யின் 5ஆம் ஷரத்தில் நீட்டிப்பு விண்ணப்பத்துக்கு 14 நாள்தான் அவகாசம் என்பதை ஒரு அமர்வாவது பேசலாம். 2024 ஜூன் 3இல் நிதி அமைச்சகம் விட்ட வழிகாட்டுதலில், அரசு ஒப்பந்தங்களில் வழக்கமாக ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்பு) ஷரத்துச் சேர்ப்பது 10 கோடிக்குக் குறைந்த தகராறுகளோடு நிறுத்தப்பட்டது. அப்படியானால் பெரிய வழக்குகள் கமர்ஷியல் கோர்ட்டுக்குத்தான் போகும். நிகழ்ச்சி நிரலோ இன்னமும் ஆர்பிட்ரேஷனையே சுற்றுகிறது.

டெல்லி வட்டாரத்துக்கே உரிய கிராப் தடையையும் (காற்று மாசு கூடக் கூடக் கட்டம் கட்டமாக வரும் கட்டுப்பாடு) அவர்கள் தொடுவதில்லை. குளிர்காலத்தில் மூன்றாம் கட்டம் அறிவித்தால் தூசு கிளப்பும் வேலை நிற்கும். ஆனால் மெட்ரோ, மருத்துவமனை, நெடுஞ்சாலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நான்காம் கட்டத்தில் நெடுஞ்சாலை, மேம்பாலத்துக்கான விலக்கும் போய்விடும். எனவே கிளெய்மில் எந்தக் கட்டம், எந்த உத்தரவுத் தேதி, எந்த வகைத் திட்டம் என்று மூன்றையும் எழுத வேண்டும். உள்ளே நடக்கும் ஒயரிங், பிளம்பிங் நிற்கத் தேவையில்லை. அதையும் நின்றதாகக் காட்டினால் முழுக் கோரிக்கையின் மேலும் சந்தேகம் விழும். தடை நீங்கியதும் ஆட்கள் மறுநாளே வந்துவிட மாட்டார்கள். ஊருக்குப் போனவர்கள் திரும்பும் நாள்களை மஸ்டர் ரோலை (ஆட்களின் வருகைப் பதிவேடு) காட்டித் தனியாகக் கேட்கலாம்.

நடுவர்களும் அதே சங்கத்தில் உறுப்பினர்களாயிற்றே என்று சிலருக்குத் தயக்கம். ஒரே தொழில்முறைச் சங்கத்தில் இருப்பது மட்டும் சர்வதேச வழக்கறிஞர் சங்கமான ஐ.பி.ஏ.வின் வழிகாட்டுதலில் பச்சைப் பட்டியல், அதாவது வெளியிடத் தேவையில்லாதது. சேர்ந்து வழக்கு நடத்தியது, கட்டணம் பகிர்ந்தது போன்றவை வேறு விஷயம். ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி அவர் வெளியிட வேண்டியவை.

சேருமுன் போன வருட நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பாருங்கள். பேச்சாளர்களில் இன்ஜினியரும், வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் குவான்டிட்டி சர்வேயரும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எல்லாருமே சீனியர் வக்கீல்கள் என்றால் விட்டுவிடலாம். ஆன்லைனில் பார்ப்பது உரைகளுக்குப் போதும். கால அட்டவணை போடும் மென்பொருளான பிரைமவேராவின் பயிற்சிக்கு நேரில்தான் போக வேண்டும். திரையில் அந்தக் கோடுகள் எறும்பு ஊர்வது மாதிரித் தெரியும்.

சங்கம் தரும் மாதிரிக் கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். நாமக்கல், ஈரோட்டிலிருந்து வந்து இங்கே சப்-கான்ட்ராக்ட் எடுத்தவரிடம் நீட்டினால், "லெட்டர் போட்டா ஜே.இ. கோவிச்சுக்குவாருங்க" என்று மடித்து வைத்துவிடுவார். (ஜே.இ. என்றால் துறையின் ஜூனியர் இன்ஜினியர்.) அவருடைய சூப்பர்வைசருக்குத் தமிழில் ஒரு பக்கப் படிவம் அடித்துக் கொடுப்பது நல்லது. தடை தொடங்கிய தேதி, நீங்கிய தேதி, பாதித்த வேலையின் எண், சும்மா நின்ற ஆட்கள், ஜே.இ. கையெழுத்து: ஐந்தே கட்டம். வேலை தடைபட்டதைப் பதியும் ஹிண்டரன்ஸ் ரெஜிஸ்டரில் வழக்கமாகக் காலியாகக் கிடப்பது இரண்டாவது கட்டம்தான்.