கவுண்டரா, மினியேச்சரா: வேலூரில் டாங்கிப் போர் ஆடிய அனுபவம்

கவுண்டர் என்பது படைப்பிரிவின் குறி அச்சிட்ட சின்ன அட்டைத் துண்டு, வரைபடத்தின் மேல் நகர்த்துவது. மினியேச்சர் என்பது வண்டியின் குட்டி மாதிரிப் பொம்மை. சில வருடங்களாக இரண்டையும் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். டாங்கி, கவச வண்டி, ஏவுகணை எல்லாம் கலந்த நவீன காலப் போரை மேசையில் ஆட வேண்டுமென்றால் அட்டைக் கவுண்டர்தான் சரி, மினியேச்சர் அதற்கு அடுத்துதான். மினியேச்சர் பிடிக்காது என்றில்லை, வண்ணம் பூசிய டி-72 டாங்கி வரிசை மேசையில் நிற்பதைப் பார்த்தால் ஆடவே வேண்டாம், பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றும்.

ஆனால் தூரம் இடிக்கிறது. டாங்கியை அடிக்கும் சோவியத் மால்யுத்கா ஏவுகணை 3,000 மீட்டர் வரை போகும். 1:285 அளவுக் குட்டி டாங்கிகளுக்கு அது மேசையில் பத்தரை மீட்டர், 1:100 என்றால் 30 மீட்டர். காட்பாடியில் யார் வீட்டுக் கூடம் அவ்வளவு நீளம்? அதனால் விதிகள் தரையை மட்டும் சுருக்கிவிடும், வண்டிகள் சுருங்காது, ஒரு பிளாட்டூன் டாங்கிகள் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ் மாதிரி ஒட்டி ஒட்டி நிற்கும். கவுண்டரில் இந்தத் தொல்லை இல்லை. 1970-ல் வந்த பான்சர்பிளிட்ஸ் இரண்டாம் உலகப் போர் ஆட்டம்தான், ஆனால் ஒரு அறுகோணக் கட்டம் 250 மீட்டர் என்று அதில் வைத்த கணக்கு இதற்கும் அப்படியே பொருந்துகிறது. மால்யுத்கா எட்டும் தூரம் அதில் 12 கட்டம், அவ்வளவுதான்.

அப்புறம் நேரம். அந்த ஏவுகணை முழுத் தூரமும் போக சுமார் 25 நொடி பிடிக்கும், அதுவரை ஏவியவர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பி அதை இலக்குக்குக் கொண்டுபோக வேண்டும். 1973 அக்டோபர் அரபு-இஸ்ரேல் போரில், சினாயில் இஸ்ரேல் டாங்கிகள் காலாட்படைத் துணை இல்லாமல் போய் இதனிடம் பலமாக அடிவாங்கின, பிறகுதான் ஏவுகிற இடத்தை நோக்கிச் சுட்டுத் தள்ளி ஏவுபவரைத் தடுமாற வைக்கும் வழிக்கு வந்தார்கள். நாங்கள் ஆடும் விதியில் இது அப்படியே இருக்கிறது: ஏவுகணை கிளம்பியதும் எதிராளி உடனே அந்தக் கவுண்டர் மேல் சுடலாம், டைஸ் நல்லபடி விழுந்தால் ஏவுகணை வீண். இந்த ஒரு விதிக்காகவே திரும்பத் திரும்ப ஆடலாம்.

கவுண்டரின் பெரிய எதிரி நம்ம ஊர் வெயில். மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது, ஃபேன் போட்டால் ஒரு பட்டாலியனே பறந்து சோபாவுக்கு அடியில் போய்விடும். கவுண்டருக்கு அடியில் மேக்னட் ஷீட்டை வெட்டி ஒட்டி, வரைபடத்துக்குக் கீழே தகரம் விரித்த பிறகு அந்தக் கவலை விட்டது. மினியேச்சருக்கும் வெயில் ஆகாது. ரெசின் என்ற வார்ப்புப் பிளாஸ்டிக்கில் செய்த டாங்கியின் மெல்லிய பீரங்கிக் குழல் வளைந்து தொங்கிவிடும். சுடுதண்ணீரில் முக்கி, விரலால் நிமிர்த்தி, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால் நேராகிவிடும், அடுத்த கோடையில் மறுபடியும் அதே வேலை.

மினியேச்சர் ஜெயிக்கிற இடம் மேடு பள்ளம். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை செய்யும் நண்பர் கொடுத்த ஈவிஏ ஷீட் (செருப்பு அடிப்பாகத்துக்குப் போடும் மெத்து ஃபோம்) துண்டுகளை அடுக்கித்தான் எங்கள் குன்றுகள். கம்மவான்பேட்டைக்காரர் ஒருவர், ராணுவத்தில் பிஎம்பி கவச வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற ஹவில்தார், ஒருநாள் வந்து மேசை மட்டத்துக்குக் குனிந்து பார்த்தார். “இன்னா தம்பி, வண்டிய உச்சியில நிறுத்தி வெச்சிகினு கீறான் உன் ஃபிரெண்டு? வானத்துல பளிச்னு தெரியுது பார். பின்னாடி இறக்கச் சொல்லு, குழாய் மட்டும் தெரிஞ்சா போதும்” என்றார். கட்டத்தில் ‘மேடு, பாதுகாப்பு கூடுதல்’ என்று படித்துப் படித்து வராத புரிதல் அந்த ஒரு குனிதலில் வந்தது.

இப்போது நகர்வெல்லாம் கவுண்டரில், சண்டை முற்றுகிற ஒரு கிராமம் மட்டும் மினியேச்சரில் என்று ஆடுகிறோம். மாற்றி அடுக்க நேரம் பிடிக்கும், ஞாயிறு காலையில் தொடங்கினால் இரவுச் சாப்பாடு வரை இழுக்கும். புதிதாக வருகிறவர்கள் காசு எதுவும் போட வேண்டாம், கவுண்டர்களைப் பிரிண்ட் எடுத்து அட்டையில் ஒட்டி வெட்டிக்கொண்டாலே முதல் ஆட்டத்துக்குப் போதும்.