ரேணிகுண்டா – கர்னூல் 51 நிமிடமாம்: தூரம் காட்டும் ஒரு இணையதளம்

நகரியில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. வருகிறவர்களில் பாதிப் பேர் விசைத்தறிக்காரர்கள். "அண்ணா, கர்னூலுக்கு ஃப்ளைட்ல 51 நிமிஷம்தானாமே, கல்யாணத்துக்குப் போகணும், ரெண்டு டிக்கெட் போடுங்க" என்று ஒருவர் போனை நீட்டினார். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்லும் இலவசத் தளம் அது. பெயர் வேண்டாம், எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான்.

தூரத்தில் குறை சொல்ல முடியாது. ரேணிகுண்டாவில் இருக்கும் திருப்பதி விமான நிலையத்துக்கு டி.ஐ.ஆர்., கர்னூலுக்கு கே.ஜே.பி. என்று மூன்றெழுத்துக் குறியீட்டைத் தட்டியதும் சுமார் 275 கிலோமீட்டர், 148 கடல் மைல் என்று வந்தது. இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நானும் போட்டுப் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது. ஊர்ப் பெயரைவிடக் குறியீட்டைத் தட்டுவது நல்லது. திருச்சி டி.ஆர்.இசட்., திருவனந்தபுரம் டி.ஆர்.வி., அவசரத்தில் விரல் எங்கேயாவது போய்விடும்.

நேரம்தான் வம்பு. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம், ஏறி இறங்க அரை மணி என்று கூட்டினால் வருவதுதான் அந்த 51 நிமிடம். பெரிய ஜெட்டுக்கு அது பொருந்தும். இந்த மாதிரி ஊர்களுக்கு வருவது பெரும்பாலும் ஏ.டி.ஆர்., விசிறி சுழலும் விமானம், மணிக்கு 500 கிலோமீட்டரைச் சுற்றித்தான் பறக்கும். அதை வைத்துப் போட்டால் ஒரு மணி நேரம் தாண்டிவிடும். சரி, பத்துப் பதினைந்து நிமிட வித்தியாசம், அதை விட்டுவிடலாம்.

விட முடியாதது ஒன்று உண்டு. அந்த வழியில் விமானம் ஓடுகிறதா என்று தளம் பார்ப்பதே இல்லை. ஓர்வக்கல்லில் கர்னூல் விமான நிலையம் 2021 மார்ச்சில் சேவையைத் தொடங்கியபோதே பெங்களூரு, சென்னை, விசாகப்பட்டினம் மூன்றுக்குத்தான் விமானம் விட்டார்கள். அவருக்காக நான் தேடிய தேதிகளில் திருப்பதியிலிருந்து நேர் விமானம் எதுவும் இல்லை. சேஷாசலம் மலைக்கு மேலே நூல் பிடித்தாற்போல ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நிமிடத்தையும் எழுதிவிட்டால் பார்ப்பவர் டிக்கெட் இருக்கிறது என்றுதானே நினைப்பார்?

ரேணிகுண்டாவில் ஏறி ஐதராபாத்தில் இறங்கினால், அந்த விமான நிலையம் இருக்கும் ஷம்ஷாபாத் கர்னூல் பக்கமாகவே இருப்பது ஒரு வசதி. அங்கிருந்தும் பஸ்ஸில் 200 கிலோமீட்டர் போக வேண்டும். இங்கிருந்து ரேணிகுண்டா போவது, செக்கின், காத்திருப்பு எல்லாம் கூட்டினால் எட்டு மணி நேரம். கடப்பா வழியாகக் காரில் போனாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான், காசு மிச்சம். அப்புறம் சித்தூரிலிருந்து காச்சிகுடா போகும் வெங்கடாத்ரி எக்ஸ்பிரஸ் இருக்கவே இருக்கிறது, ரேணிகுண்டாவில் ஏறினால் மாறாமல் கர்னூலில் இறங்கலாம். அவருக்கு அதில்தான் போட்டுக் கொடுத்தேன்.

தூரத்துக்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம், நேரத்துக்கு ஒன்று. "இந்த வழியில் நேர் விமானம் இல்லை" என்று ஒரு வரி போட்டால் இன்னும் இரண்டு தரலாம்.