காரில் ஒட்டிய எழுத்தும் நீலகிரித் தைலமும்: என் அனுபவம்

பழைய கார் வாங்கிய நண்பர் ஒருவர், டிக்கியில் ஷோரூம்காரர்கள் தங்கள் பெயரை ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எழுத்துகளை எப்படி எடுப்பது என்று கேட்டார். என் சிவப்பு வண்டியில் இதைச் செய்து நாளாகிவிட்டதால், பிறகு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எழுத்து சுலபமாக வந்துவிடும். சென்னை வெயிலில் வினைல் காய்ந்து போயிருக்கும், நகத்தால் கிள்ளினால் துணுக்கு துணுக்காகத்தான் வரும். ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டி, ஓரத்தைக் கிளப்பி மெதுவாக இழுத்தால் முழுசாக வரும். புடைத்த எழுத்துகளுக்கு அடியில் தூண்டில் நரம்பை விட்டு அறுக்க வேண்டும்.

பசைதான் உயிரை வாங்கும். எழுத்து போன இடத்தில் அதே வடிவத்தில் நிற்கும், தெருப் புழுதி ஒட்டிக் கறுத்ததும் முன்னைவிடப் பளிச்சென்று படிக்கலாம். தேங்காய் எண்ணெய் புதுப் பசைக்குத்தான் சரி. தின்னர் வேண்டவே வேண்டாம். மறுபடி பெயின்ட் அடித்த பம்பராக இருந்தால் பெயின்டையே கரைத்துவிடும், டெயில் லாம்ப் பிளாஸ்டிக்கையும் மங்கடிக்கும்.

எனக்குக் கைகொடுத்தது நீலகிரித் தைலம். சளிக்கு மருந்துக் கடையில் வாங்குகிறோமே, அதேதான். அதில் பெரும்பகுதியாக இருக்கும் சினியோல் என்ற பொருள், பசையை நன்றாக இளக்கும். முதலில் மறைவான ஒரு மூலையில் தடவிப் பார்த்துவிடுங்கள். நிழலில் வண்டியை நிறுத்தி, தைலத்தில் நனைத்த துணியைப் பசைமேல் சில நிமிடம் போர்த்தி வையுங்கள். பிறகு பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் தள்ளினால் பசை சுருண்டு திரிதிரியாக வரும். அடியில் வழவழவென்று பெயின்ட் தெரியும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு எழுத்தை எடுக்கத் தோன்றும்! கடைசியில் கார் ஷாம்பூ போட்டுக் கழுவிவிட வேண்டும்.

2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, தனியார் வண்டிகளில் அரசுத் துறைப் பெயர் ஒட்டியிருந்தால் அபராதம் என்று இறங்கியபோது, பக்கத்து வீட்டுக்காரர் கார் கண்ணாடியிலும் இதே தைலம்தான். ஒட்டிய அடையாளமே இல்லை. பின் கண்ணாடியின் உள்பக்கம் மட்டும் பிளேடு போடாதீர்கள், கண்ணாடியில் படியும் பனியைப் போக்கும் டிஃபாகர் கோடுகள் அறுந்துவிடும்.

ஆனால் என் டிக்கியில் ஸ்டிக்கர் போன பிறகும் அந்த ஷோரூம் பெயர் தடமாக இன்னும் இருக்கிறது. சுற்றியுள்ள சிவப்பு வெளுத்துவிட்டது, எழுத்துக்கு அடியில் இருந்தது அப்படியே இருக்கிறது. சாய்வெயிலில் ஷோரூம் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். பெயின்டை மெருகேற்றும் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்ததில் கொஞ்சம் மங்கியது. அதற்கு மேல் தேய்த்தால் வெயிலைத் தாங்கும் கிளியர் கோட் என்ற மேல்பூச்சு கரையும் என்பதால் நிறுத்திவிட்டேன்.

அந்த ஷோரூமில் சர்வீஸ் நன்றாகவே செய்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் முழு விலை கொடுத்து வாங்கிய வண்டியில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவர்கள் விளம்பரத்தை ஒட்ட யார் உரிமை கொடுத்தது? நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

தைலத்தில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: வெள்ளை வண்டி என்றால் இன்றைக்கே எடு. சிவப்பு என்றால், வருடக்கணக்கில் இருந்த எழுத்தைத் தொடாதே, அப்படியே விடு. புது வண்டி எடுப்பவர்கள் பெயர் ஒட்டக் கூடாது என்று புக்கிங் படிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.